பறி, துடை, கடி

"மருந்து அடிச்சுட்டேன் டீச்சர். இனிமே ஒரு பூச்சி தலை தூக்காது."

தோட்டக்காரர் இதைச் சொன்னபோது மணி பத்தே முக்கால். தோளில் புதுக் கயிற்றுச் சுருள். முகத்தில் பெரிய காரியத்தை முடித்துவிட்டு வந்த பெருமை. மூன்றாம் வகுப்பு வாசலில் நின்றிருந்த அறிவியல் டீச்சருக்கு முதலில் அது காதில்தான் விழுந்தது, புத்தியில் ஏறவில்லை.

"என்ன மருந்து?"

"பூச்சி மருந்துதான். வெள்ளரிக் கொடி முழுக்க நனைய நனைய அடிச்சிருக்கேன். காலைல ஏழு மணிக்கே வந்துட்டேன்ல."

"யாரைக் கேட்டு அடிச்சீங்க?"

"நீங்கதானே டீச்சர் நேத்து சொன்னீங்க? 'ஆபீசர் வர்ற நேரத்துல இலையெல்லாம் சல்லடை மாதிரி கிடக்கு, மானம் போகுது, ஏதாவது பண்ணுங்க'ன்னு." அவர் குரல் இறங்கியது. "நாளைக்குப் பறிக்கிறதைத் தள்ளிப் போடச் சொல்லணும்னுதான் உங்களைத் தேடினேன். நீங்க மீட்டிங்ல இருந்தீங்க. சரி, கயிறு வாங்கிட்டு வந்து சொல்லிக்கலாம்னு..."

பறிக்கிற நாள் நாளைக்குத்தான், வியாழக்கிழமை. அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் தோட்டத்தைப் பார்க்கப் பன்னிரண்டு மணிக்கு வரும் ஆபீசர் முன்னால் பிள்ளைகள் பறித்துச் சாப்பிட்டுக் காட்டினால் எப்படி இருக்கும் என்று நேற்று இரவு டீச்சருக்கு ஒரு யோசனை வந்திருந்தது. வந்த யோசனை சும்மா இருக்குமா? இன்றைக்குப் பத்தேகால் இடைவேளையில் ஒத்திகை நடத்திவிட்டாள். முப்பத்தோரு பிள்ளைகளும் கொடிக்கு ஒருவராக நின்று, ஆளுக்கொரு வெள்ளரிப் பிஞ்சைப் பறித்து, சட்டையில் துடைத்து, தின்று முடித்து வகுப்புக்குத் திரும்பி இருபது நிமிஷம் ஆகிறது.

"ஒரு மாதிரி வாசனை வருது டீச்சர்" என்று ஒரு பிள்ளை சொல்லத்தான் சொன்னது. ஆபீசர் வருகிறார் என்று பள்ளிக்கூடம் முழுக்க பினாயில் ஊற்றிக் கழுவியிருந்தார்கள். "பினாயில்மா, சாப்பிடு" என்று சொன்னவளும் இவள்தான்.

இந்தத் தோட்டத்தின் கதையைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் யார் மேல் கோபப்படுவது என்று தெரியாது. நான்கு மாதத்துக்கு முன்னால் சுகாதாரத் துறையிலிருந்து வந்து பிள்ளைகளை எடை போட்டார்கள். மூன்றாம் வகுப்பில் ஏழு பேருக்கு வயதுக்கு மீறிய எடை. காரணம் கண்ணுக்கு எதிரிலேயே இருந்தது: பள்ளி வாசலில் சிப்ஸும் கலர் தண்ணீரும் விற்கிற பெட்டிக்கடை. கடையை யாரும் அசைக்க முடியவில்லை. அதனால் பின்கட்டில் சும்மா கிடந்த இடத்தைக் கொத்தி, வெள்ளரியும் தக்காளியும் கேரட்டும் போட்டு, பிள்ளைகளைத் தோட்டத்தின் பக்கம் திருப்புவது என்று முடிவானது. நல்ல யோசனைதான், அதை யார் குறை சொன்னார்கள்? டீச்சர் மண்வெட்டியும் கையுமாக நின்று உயிரைக் கொடுத்து உழைத்தாள். நகக்கண்ணில் ஒட்டிய மண்ணோடேயே கல்யாண வீட்டுக்கெல்லாம் போயிருக்கிறாள்.

'பறி, துடை, கடி.' அதுதான் அவள் சொல்லிக் கொடுத்த மந்திரம். நம் தோட்டத்தில் மருந்தே கிடையாது, கழுவக்கூட வேண்டாம் என்று பெற்றோர் கூட்டத்தில் சொன்னாள், பிரார்த்தனைக் கூட்டத்தில் சொன்னாள், மதில் சுவரில் பச்சை எழுத்தில் எழுதியும் வைத்தாள். தோட்டக்காரருக்குப் படிக்க வராது. ஊருக்கெல்லாம் சொன்னவள் அவர் ஒருவருக்கு மட்டும் வாய் திறந்து சொல்லவில்லை.

"அந்த பாட்டிலை எடுத்துட்டு வாங்க. ஓடுங்க!" என்று அவரை விரட்டிவிட்டு, அடுத்த தெரு கிளினிக்குக்குப் போன் போட்டாள். டாக்டரம்மா எடுத்தார். நடந்ததை முழுசாகக் கேட்டுக்கொண்டார். பிறகு கடகடவென்று சொன்னார்.

"வாந்தி எடுக்க வைக்காதீங்க. எல்லாருக்கும் சோப்புப் போட்டுக் கை, வாய் கழுவி விடுங்க, சட்டையை மாத்துங்க. ஒண்ணு தின்ன பிள்ளைங்களை அங்கேயே உக்கார வைங்க, நான் நர்ஸை அனுப்பறேன். ஒண்ணுக்கு மேல தின்னது யாராவது இருந்தா உடனே இங்க தூக்கிட்டு வாங்க. எச்சில் ஊறுறது, வேர்க்கிறது, வயித்து வலி, இதெல்லாம் இருக்கான்னு பாருங்க. யார் யார் எவ்வளவு சாப்பிட்டாங்க? எனக்கு அது சரியா தெரியணும்."

"ஆளுக்கு ஒண்ணுதான் டாக்டர். சார்ட்ல ஸ்டார் வெச்சிருக்கேன்" என்றாள் டீச்சர்.

சொல்லிக்கொண்டே சுவரைப் பார்த்தாள். முப்பத்தோரு பெயர், பெயருக்கு நேராகத் தின்ற ஒவ்வொரு காய்க்கும் ஒரு நட்சத்திரம். நான்கு மாதமாக ஒரு கட்டம்கூடக் காலியில்லை. எட்டு வயசுப் பிள்ளைகள் முப்பத்தோரு பேர், ஒருத்தர்கூட ஒரு நாள்கூடப் பச்சைக் காய் வேண்டாம் என்று சொல்லவில்லை! இதைப் பார்த்து இத்தனை நாள் பூரித்துப் போயிருந்தவளுக்கு இப்போதுதான் முதல் தடவையாகச் சந்தேகம் வந்தது.

"பிள்ளைங்களா, இன்னைக்குப் பிஞ்சு சாப்பிடாதவங்க யாராவது இருக்கீங்களா?"

"எல்லாரும் சாப்பிட்டோம் டீச்சர்!" கோரஸ்.

"சாப்பிடலைன்னா திட்ட மாட்டேன். கை தூக்குங்க."

ஒரு கைகூட எழவில்லை. நட்சத்திரத்தை இழக்க யாருக்கு மனசு வரும்? அதிக நட்சத்திரம் வாங்குகிறவருக்கு வருஷக் கடைசியில் சைக்கிள் என்று சொல்லியிருக்கிறதே. டீச்சர் சுவரிடம் போனாள். சார்ட்டின் இரண்டு மூலையையும் பிடித்துச் சரக்கென்று கிழித்தாள். நான்காய் கிழித்து, எட்டாய் கிழித்து, குப்பைக் கூடையில் போட்டாள். பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்த்தார்கள்.

"ஸ்டார் கிடையாது. சைக்கிளும் யாருக்கும் கிடையாது. இப்ப சொல்லுங்க."

முன் பெஞ்சில் 'வாலு' என்று பெயர் எடுத்த பையன் மெல்ல எழுந்தான். "நான் சாப்பிடல டீச்சர். எனக்கு வெள்ளரிக்கா பிடிக்காது."

"பறிச்சதை என்ன பண்ண?"

"பொம்மிகிட்டக் கொடுத்துட்டேன்."

அணை உடைந்த மாதிரி ஆயிற்று. "நானும் டீச்சர்", "நான் மதிலுக்கு அந்தப் பக்கம் போட்டேன் டீச்சர்", "நான் பாதி கடிச்சிட்டு பொம்மிக்குக் கொடுத்தேன்", "நான் எப்பவும் அவகிட்டத்தான் கொடுப்பேன்." யார் கொடுத்தது, யார் எறிந்தது என்று எண்ண முடியவில்லை. எண்ணுகிற நிலையிலும் அவள் இல்லை. பொம்மியின் இடம் காலியாக இருந்தது.

"பொம்மி எங்க?"

"தண்ணி குடிக்கப் போனா டீச்சர். வயிறு வலிக்குதுன்னா."

பொம்மி, தையல்காரம்மாவின் ஒரே மகள். பொம்மி என்பது வீட்டில் கூப்பிடுகிற பெயர். டீச்சர் காதில் விழாதபோது வகுப்பில் அவளுக்கு வேறொரு பட்டப்பெயர் உண்டு. அதை எழுத எனக்குக் கை வரவில்லை, குண்டாக இருக்கிற பிள்ளையைப் பிள்ளைகள் எப்படிக் கூப்பிடும் என்று உங்களுக்கே தெரியும். எடை கூடிய ஏழு பேரில் முதல் ஆள் இவள்தான். வெள்ளிக்கிழமைதோறும் அவர்களை எடை போட்டு டீச்சர் ஒரு நோட்டில் எழுதி வந்தாள். மற்ற ஆறு பேருக்கும் முன்னே பின்னே குறைந்தது, இவளுக்கு மட்டும் குறையவே இல்லை. "சாப்பாட்டைப் பாதியாக் குறைங்க" என்று டீச்சர் தாயைக் கூப்பிட்டுச் சொன்னாள். போன வாரம் முந்நூறு கிராம் கூடியதும், "பெட்டிக்கடையில வாங்கித் தின்னுறியா? வாயைக் கட்டணும்மா, வாயைக் கட்டணும்" என்று எல்லார் முன்னாலும் பையைக் கொட்டிப் பார்த்தாள். பையில் புத்தகமும் பென்சில் டப்பாவும் காலிச் சாப்பாட்டு டப்பாவும்தான் இருந்தன. பிள்ளை குனிந்து அதையெல்லாம் பொறுக்கிக்கொண்டது.

குழாயடியில் சுவரோடு சுவராகக் குந்தியிருந்தாள் பொம்மி. சட்டை முதுகு நனைந்து ஒட்டியிருந்தது. வாயோரம் எச்சில் வழிந்து நின்றது. கண் கலங்கிச் சிவந்திருந்தது. டீச்சரைப் பார்த்ததும் அவசரமாகப் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் ஒண்ணும் தின்னல டீச்சர்."

அந்த நேரத்தில் பாட்டிலோடு ஓடி வந்த தோட்டக்காரர்தான் பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டார். "ஐயோ, என் கையால அடிச்சேனே" என்று ஒரு தடவை சொன்னார். அப்படியே ஓடினார். பின்னால் செருப்பு ஒன்று கழன்று போனதுகூடத் தெரியாமல் டீச்சர் ஓடினாள். ஓடுகிற வழியில் போன் அடித்தது, தலைமையாசிரியை. "ஆபீசர் அரை மணி முன்னாடியே கிளம்பிட்டாராம், எங்க போனீங்க?" டீச்சர் மூச்சிரைக்க நடந்ததைச் சொன்னாள். "எல்லாப் பிள்ளைங்களுக்கும் கை கழுவி விடுங்க மேடம், நர்ஸ் வராங்க. தையல்காரம்மாவைக் கிளினிக்குக்கு வரச் சொல்லுங்க." "ஆபீசர் கிடக்கட்டும், நீங்க ஓடுங்க" என்று குரல் வந்தது.

கிளினிக்கில் சட்டையைக் கழற்றித் துடைத்து, ஊசி ஒன்று போட்டார் டாக்டரம்மா. பாட்டிலின் சீட்டைப் படித்தார். பிள்ளையின் கண்ணில் விளக்கு அடித்துப் பார்த்தார். பிறகு டீச்சரை ஓரமாக இழுத்தார்.

"எத்தனை தின்னா இவ?"

"தெரியல டாக்டர். பசங்க கொடுத்திருக்காங்க. எத்தனை பேர்னு..." பள்ளிக்குப் போன் போட்டுக் கேட்டாள். அங்கே பிள்ளைகள் பயந்து போய் இப்போது கதையை மாற்றியிருந்தார்கள். யாரும் பொம்மிக்கு ஒன்றும் கொடுக்கவில்லையாம், எல்லாரும் மதிலுக்கு அந்தப் பக்கம் எறிந்தார்களாம். மதிலுக்கு அந்தப் பக்கம் சாக்கடை.

டாக்டரம்மா பல்லைக் கடித்தார். "பாருங்க, ஒண்ணு ரெண்டுன்னா இந்த ஊசியோட இங்கேயே வெச்சுப் பார்த்துக்கலாம், அடங்கிடும். நிறையன்னா இனிமேதான் முழுசா ஏறும். மூச்சுத் திணறினா என்கிட்ட மெஷின் கிடையாது. பெரிய ஆஸ்பத்திரி முக்கால் மணி நேரம். வாசல்ல நிக்கிற ஆம்புலன்ஸ்ல ஒரு மாரடைப்புக்காரரை ஏத்தப் போறாங்க. அதை நிறுத்தணும்னா எனக்கு ஒரு காரணம் வேணும். அடுத்த வண்டி வர எவ்வளவு நேரமாகும்னு தெரியாது. அவ வாயால சொன்னாத்தான் உண்டு. கேளுங்க."

டீச்சர் கட்டிலருகே போனாள். "எத்தனை சாப்பிட்ட?"

"ஒண்ணு."

"பொம்மி, உண்மையைச் சொல்லு!"

பழக்கதோஷம். குரல் வகுப்பறைக் குரலாகவே வந்தது. பிள்ளை இன்னும் சுருண்டது. "ஒண்ணுதான் டீச்சர். சத்தியமா ஒண்ணுதான்." வயிற்றைப் பிடித்துக்கொண்டு பல்லை இறுக்கியது. சாகிற மாதிரி வலித்தாலும் டீச்சரிடம் அதிகம் தின்றேன் என்று சொல்லிவிடக் கூடாது! அந்த அளவுக்குப் பயத்தை ஊட்டி வைத்திருந்தாள் மகராசி. வெளியே ஆம்புலன்ஸின் பின்கதவைத் திறக்கிற சத்தம் கேட்டது.

டீச்சர் தரையில் உட்கார்ந்தாள். கட்டிலில் இருந்த பிள்ளையின் முகம் இப்போது அவள் முகத்துக்கு மேலே இருந்தது.

"நோட்டுல எழுத மாட்டேன்டா."

பிள்ளை சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"பொம்மி, ஒரு விஷயம் சொல்றேன், யார்கிட்டயும் சொன்னதில்ல. தோட்டத்துல முதல்ல நான் ஒண்ணு கடிச்சுக் காட்டுவேன்ல? அதை நான் தின்னதே இல்ல. திரும்பி நின்னு கைக்குட்டைல துப்பிடுவேன். எனக்குப் பச்சை வெள்ளரிக்கான்னாலே குமட்டும். சின்ன வயசுலேர்ந்தே."

பிள்ளை கண்ணை முழுசாகத் திறந்தது. "நீங்களுமா டீச்சர்?"

"ஆமா. நாலு மாசமா எல்லாரையும் ஏமாத்திட்டிருக்கேன்."

"எனக்குப் பிடிக்கும் டீச்சர்" என்றது பிள்ளை மெதுவாக. "நெஜமாவே பிடிக்கும்."

"எத்தனை தின்ன, கண்ணு?"

பொம்மி அவள் முகத்தையே பார்த்தது. அந்த முகத்தில் எதைத் தேடியதோ, அது இல்லை என்று தெரிந்த பிறகு சொன்னது.

"பன்னெண்டு."

"டாக்டர், பன்னெண்டு!" டீச்சர் கத்தி முடிப்பதற்குள் டாக்டரம்மா வாசலில் இருந்தார். "நிறுத்துங்க வண்டியை! இன்னும் ஒரு ஆள்!"

டிரைவர் ஒரு கட்டிலில் இரண்டு பேரை ஏற்ற முடியாது என்றார். மாரடைப்புக்காரரின் மகன், "எங்கப்பா உயிர் உசத்தியில்லையா?" என்று பாய்ந்தான். ஸ்ட்ரெச்சரில் கிடந்த பெரியவரே கையைத் தூக்கி, "பிள்ளைய உக்கார வெச்சு ஏத்துங்கடா, சத்தம் போடாதீங்க" என்றார். ஆக்சிஜன் குழாயைப் பிடித்துக்கொண்டு வண்டியோடு வந்த நர்ஸ் ஏறினாள். பொம்மியை அவள் மடியில் உட்கார வைத்தார்கள்.

அதற்குள் தையல்காரம்மா வந்துவிட்டாள். கழுத்தில் அளவு டேப் அப்படியே தொங்கியது, புடவை முழுக்க நூல் துணுக்கு. "என்னாச்சு டீச்சர்? என் பொண்ணு என்ன தின்னுச்சு? பன்னெண்டாமே, ஏன் இத்தனை தின்னுச்சு?" கேட்டது டீச்சரை, பார்த்தது மகளை.

வண்டிக்குள்ளிருந்து பிள்ளை பதில் சொல்லிற்று. "பசிச்சுதும்மா. தினமும் பசிக்கும்."

கதவு மூடியது.

பெரிய ஆஸ்பத்திரி வாசலில் ஒரு தூணோரம் தாயும் டீச்சரும் மத்தியானம் முழுக்க நின்றார்கள். உள்ளே பிள்ளைக்கு இரண்டு தடவை மூச்சு திணறியது. இரண்டு தடவையும் மெஷின் வைத்து இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு தடவை நர்ஸ் கதவைத் திறக்கும்போதும் இருவருக்கும் உயிர் போய் உயிர் வந்தது. பள்ளிக்கூடத்தில் ஒன்று தின்ற பிள்ளைகளில் இருவருக்கு மட்டும் லேசாக வயிற்று வலி, அதுவும் அடங்கிவிட்டது என்று போன் வந்தது. அதற்குள் ஆபீசர் வந்து பார்த்துப் போயிருந்தார். யாரைப் பற்றி என்ன எழுதிக்கொண்டு போனாரோ, டீச்சர் கேட்கவில்லை.

சாயங்காலம் நாலரைக்கு, "தாண்டிட்டா" என்று ஒரு டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். தையல்காரம்மா அப்படியே தரையில் சரிந்து உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அவள் அழுது முடிக்கும்வரை டீச்சர் காத்திருந்தாள்.

"மருந்து அடிக்கக் காரணம் நான். பறிக்கச் சொன்னது நான். உங்க பொண்ணு பசியில வாட நானே காரணம். பாதியாக் குறைக்கச் சொன்னது நான்தானே. பேராசையில தின்னல அவ. வளர்ற பிள்ளையை நான்தான் பட்டினி போட்டேன்."

தையல்காரம்மா மூக்கைச் சிந்தினாள். திட்டுவாள் என்று டீச்சர் எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எனக்குத் தெரியும் டீச்சர், அவளுக்குப் பத்தலைன்னு. தட்டை வழிச்சு வழிச்சு நக்கும். பெத்தவளுக்குத் தெரியாதா? இன்னும் கொஞ்சம் வைன்னு மனசு அடிச்சுக்கும். நீங்க படிச்சவங்க, தெரியாமலா சொல்வீங்கன்னு மனசை அடக்கிக்கிட்டேன்."

மறுநாள் காலையில் டீச்சர் போனபோது பொம்மி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது, கண்ணில் மட்டும் பழைய களை. சாப்பிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தாய் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டியைப் பாலில் தோய்த்து ஊட்டிக்கொண்டிருந்தாள். ஒரு துண்டு, இரண்டு துண்டு, மூன்று துண்டு. மென்று விழுங்கிவிட்டுப் பிள்ளை வாயைத் துடைத்தது.

"இன்னும் கொஞ்சம்மா."

தாயின் கை ரொட்டிப் பொட்டலத்துக்குப் போனது. போன கை நடுவில் நின்றது. தையல்காரம்மா தலையைத் திருப்பி டீச்சரின் முகத்தைப் பார்த்தாள்.

"என்னை ஏம்மா பார்க்கறீங்க?" என்றாள் டீச்சர். "உங்க பொண்ணு. கொடுங்க."

"பழகிடுச்சு டீச்சர்" என்றாள் தையல்காரம்மா. இன்னொரு துண்டை எடுத்துப் பாலில் தோய்த்தாள்.